பட்டாளத்தார் கம்பளத்துக் கறை

எங்க கிட்டங்கித் தெருவுல இருபத்தாறு கல்யாணத்தை முடிச்சு வச்ச கம்பளம் ஒண்ணு இருக்கு. புரோக்கர் முடிக்கல, ஜோசியர் முடிக்கல, கம்பளம்தான் முடிச்சுச்சு. பட்டாளத்தார் வேலுச்சாமி அண்ணாச்சி மிலிட்டரியில இருந்து ஓய்வாகி வந்தப்ப காஷ்மீர்ல இருந்து தோள்லயே சுமந்துக்கிட்டு வந்த செகப்புக் கம்பளம் அது. ஓரமெல்லாம் மஞ்சப் பூ, நடுவுல ஒரு பறவை, அது மயிலா கிளியான்னு முப்பது வருஷமா எங்க தெரு இன்னும் முடிவு பண்ணல. முதல்ல அண்ணாச்சியோட தங்கச்சியைப் பொண்ணு பாக்க வந்தவுகளை அதுல உட்கார வச்சாக, காப்பி ஆறுறதுக்குள்ள சரின்னுட்டாக. அடுத்து எதிர் வீட்டுப் பொண்ணு, அடுத்து மூலை வீட்டுப் பொண்ணு, அதுக்கப்புறம் கம்பளம் விரிக்காம இந்தத் தெருவுல எவளும் பொண்ணுபார்க்க உட்கார்ந்ததில்லை. அதுக்குன்னு முறையெல்லாம் வந்துருச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாரதுக்கு நாலு நாள் முன்னாடியே கம்பளம் பொண்ணு வீட்டுக்கு வந்துரணும், பொண்ணு தினமும் காலையில தலை முழுகி அரை மணி நேரம் அதுல உட்காரணும், கம்பளத்தை மூடக் கூடாது, மடிச்சுப் போடக் கூடாது, அதும் மேல பொய் சொல்லலாம் ஆனா செருப்புப் போடக் கூடாது. கடைசி விதி யாரும் எழுதினது இல்ல, நடைமுறையில அப்படித்தான்.

நான் டெய்லர் சண்முகக்கனி. இந்தத் தெருவுக்கே ஜாக்கெட் தைக்கிறவ. என்கிட்ட எவளும் இடுப்பை மறைக்க முடியாது, டேப்பு காட்டிக் கொடுத்துரும். வயசைத்தான் மறைப்பாளுக, அதுக்கு டேப்பு இல்லையே. நான் மட்டும் யோக்கியமான்னு கேட்டா, இல்ல. என் வீட்டுக்காரரு சூரத்துக்குத் தறி வேலைக்குப் போனவரு, தீபாவளிக்கு வாரேன்னு சொல்லிட்டுப் போயி பதினாலு தீபாவளி ஆச்சு. போன அன்னைக்கு என் தலை கன்னங்கரேல்னு இருந்துச்சு. என்னைக்காவது அவரு வந்து வாசல்ல நின்னு, எவளோ ஒரு நரைச்சவ மெஷின் மிதிக்கிறான்னு அப்படியே திரும்பிப் போயிரக் கூடாதுல்ல? அதுக்காக மாசத்துக்கு ரெண்டு புதன்கிழமை, பின்கதவைச் சாத்திக்கிட்டு டை அடிச்சுக்கிருவேன். அடிச்சு விடுறவ பாண்டீஸ்வரி. அவளுக்கு அடிச்சு விடுறவ நான். இது எங்க ரெண்டு பேரையும் தவிர ஈ எறும்புக்குத் தெரியாது.

பாண்டிக்கு இருபத்திரண்டு வயசுலயே நரை விழுந்துருச்சு. இப்ப அவளுக்கு முப்பத்தெட்டு. ஜாதகத்துல, புரோக்கர் வாயில, அவ அண்ணன் தங்கமாரியப்பன் வாயில எல்லாம் அவளுக்கு முப்பத்திரண்டு. அதுவும் ஆறு வருஷமா அதே முப்பத்திரண்டு. இருபத்தாறு பேருக்குக் கல்யாணம் முடிச்ச கம்பளம் அவளுக்கு மட்டும் ஏழு தடவை வந்தும் வாயைத் திறக்கல. ஏழு தடவையும் கேசரியைத் தின்னுட்டுப் போய், போன்ல வேண்டாம்னாங்க. அவ அதுக்காக ஒரு நாளும் அழுதது கிடையாது, மிஞ்சின கேசரியை எனக்குக் கொண்டு வந்து தருவா.

எட்டாவதா வந்தவருதான் சிவஞானம். விருதுநகர் பஸ் ஸ்டாண்டுல தனியார் பஸ்ஸுகளுக்கு டைம் கீப்பர், நாப்பத்தி நாலு வயசு. புரோக்கர் கொடுத்த நம்பர்ல ஒரு தடவை கூப்பிட்டிருக்காரு. "உங்களுக்கு என்ன பிடிக்கும்?"னு கேட்டிருக்காரு. சமையல், கோலம், பாட்டுன்னு சொல்லுறதுக்குப் பதிலா இந்தக் கிறுக்கி "சும்மா இருக்கப் பிடிக்கும்"னு சொல்லிப்புட்டா. அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சிரிப்புச் சத்தம். "எனக்கும் அதுதாங்க, ஆனா விட மாட்டேங்கிறானுக"ன்னாராம்.

"அக்கா, ஏழு பேரு வேண்டாம்னப்ப எனக்கு ஒண்ணும் தோணல. இவரு வேண்டாம்னா எனக்கு வலிக்கும்"னா பாண்டி. பதினாறு வருஷப் பழக்கத்துல அவ வாயில இருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் அன்னைக்குத்தான் கேட்டேன்.

ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வாராக. புதன்கிழமை காலையில பாண்டி வீட்டுக்குக் கம்பளம் வந்துருச்சு. அன்னைக்கு எங்க டை நாளும்கூட. இந்த இடத்துலதான் என் புத்தி வேலை செஞ்சுச்சு, செருப்பால அடிக்கணும் அந்தப் புத்தியை. "எப்படியும் அரை மணி நேரம் கம்பளத்துல உட்காரணும்ல, அதுலயே உட்காருடி, டைக்கும் ராசி ஒட்டட்டும், ஞாயித்துக்கிழமை வரைக்கும் நின்னு பிடிக்கட்டும்"னேன். அவளும் மதினி அடுக்களை வேலையில இருக்கிற நேரம் பாத்து, பழைய துண்டைப் போத்திக்கிட்டு அந்தப் பறவைக்குப் பக்கத்துல சம்மணம் போட்டு உட்கார்ந்தா. முக்கால்வாசித் தலை முடிஞ்சிருக்கும், அவ போன் அடிச்சுச்சு. சிவஞானம். அவ துள்ளினா, என் கை தட்டுச்சு, கிண்ணம் கவுந்துச்சு. போன்ல அவரு "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வாரோங்க, பத்துன்னா பத்து"ன்னு சொல்லிக்கிட்டு இருக்காரு, இங்க டை வழிஞ்சு பறவை மேல பரவிக்கிட்டு இருக்கு. முப்பது வருஷ வழக்கு ஒரு நிமிஷத்துல தீர்ந்துச்சு. அது மயிலும் இல்ல, கிளியும் இல்ல, காக்கா.

"ஆத்தாடி"ன்னு நான் போட்ட சத்தத்துல அடுக்களையில இருந்து பாண்டியோட மதினி செல்வமணி ஓடி வந்தா. தலையில டையோட நாத்தனா, கையில பிரஷ்ஷோட நான், முழுப் பூசணிக்காயை எந்தச் சோத்துல மறைக்கிறது? ஆனா அவ எங்களைப் பாக்கவே இல்ல, கம்பளத்தைத்தான் பாத்தா. பாத்திரம் கழுவுற சோப்பும் தேங்கா நாரும் எடுத்துட்டு வந்து மண்டி போட்டுத் தேய்க்க ஆரம்பிச்சா. அவ தேய்க்கத் தேய்க்க, கறை ஒரு சாண் கூடுச்சு. அவ தலையில வகிடு ஓரத்துல இருந்து கருப்பு இறங்கி, உப்புத் தெளிச்ச மாதிரி வெள்ளையாயி, கொண்டை வரைக்கும் போயி நின்னுச்சு. அவளுக்குத் தெரியல. நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே நிக்கிறோம். எட்டு வருஷமா ஒரே அடுக்களையில புழங்குறாளுக, மதினியும் டை அடிக்கிறான்னு பாண்டிக்குத் தெரியாது. நான் எடுத்த எட்டை அப்படியே பின்னால வச்சேன். பாண்டி குனிஞ்சு கையை நீட்டப் போனா, "தொடாதடி, தலையில சொட்டுது"ன்னு இழுத்துக்கிட்டுப் போயி பாத்ரூம்ல விட்டேன்.

மத்தியானம் சாப்பிட வந்த தங்கமாரியப்பன் எலுமிச்சம்பழமும் சோடா உப்பும் போட்டுத் தேய்ச்சாரு. கறை இன்னொரு முழம் போச்சு, அவரு தலையும் மீசையும் பஞ்சாச்சு.

"நீங்களுமா?"ன்னா பொண்டாட்டி.

"நீயுமா?"ன்னாரு புருஷன்.

இவ டை பாக்கெட்டை அரிசி டிரம்முக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கா, அவரு ஸ்கூட்டர் டிக்கியில ஒளிச்சு வச்சிருக்காரு. ரெண்டு பேரும் ஒரே கம்பெனி. வாங்குனாலும் வாங்குனாக, ஒண்ணா வாங்கியிருந்தா ஒரு பாக்கெட் மிச்சமாயிருக்கும்.

இனி மறைக்க முடியாதுன்னு பட்டாளத்தாருக்கு ஆள் போச்சு. எழுபது வயசு மனுசன், மீசை கருகருன்னு நிக்கும், "பட்டாளத்து ரத்தம், நரைக்காது"ன்னு அவுகளே சொல்லுவாக. வந்து கறையைச் சுத்தி ரெண்டு ரவுண்டு நடந்தாக. யாரையும் ஒரு வார்த்தை திட்டல. "ஸ்பிரிட் கொண்டா"ன்னாக. ஆஸ்பத்திரியில ஊசி போடுறதுக்கு முன்னாடி தடவுவாகல்ல, அந்த ஸ்பிரிட்டு. பஞ்சுல நனைச்சு நாலே தேய்ப்பு. மீசையோட வலது பக்கம் முதல்ல போச்சு, இடது பக்கம் பின்னால போச்சு. தெருவே வாசல்ல நின்னு பாக்குது. செல்வமணி மெல்லக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தா. அண்ணாச்சி பாத்தாக, முறுக்கிப் பாத்தாக, கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தாக. "ரத்தம் அதேதான்"னு மட்டும் சொன்னாக.

அவ்வளவுதான், அதுக்கப்புறம் எங்க தெரு அந்தக் கறையை விடல. வியாழக்கிழமை வினிகர் வந்துச்சு, தயிர் வந்துச்சு, பல் விளக்குற பேஸ்ட் வந்துச்சு, மண்ணெண்ணெய் வந்துச்சு, புளி வந்துச்சு, சீயக்காய் வந்துச்சு. கூடவே ஒவ்வொரு தலையா வெளுத்துச்சு. காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிக்கிற மெர்சி ஒரு நோட்டைத் தூக்கிட்டு வந்து வாசல்ல உட்கார்ந்து எழுதினா. யாரு தேய்ச்சாங்க, எதைப் போட்டுத் தேய்ச்சாங்க, கறை எவ்வளவு கூடுச்சுன்னு. அவளும் தேய்ச்சுப் பாத்தா, ஒண்ணும் ஆகல, அது சொந்தக் கருப்பு. மருதாணி போடுற பால்காரம்மாவுக்குச் செம்பட்டை மட்டும் போயி, கம்பளத்துல ஒரு ஓரம் செவந்துச்சு. மொட்டையடிச்சு திருச்செந்தூர்ல இருந்து நேத்துதான் வந்த காய்கறிக்கடை முருகையா தேய்ச்சாரு, ஒண்ணும் நடக்கல, ஆனா மூணு நாள் கழிச்சு முளைச்சது எல்லாம் வெள்ளையா முளைச்சுச்சு. மெர்சி அதையும் எழுதிக்கிட்டா.

"எல்லாரும் தேய்க்கிறீங்க, அதான் பரவுது. கறையைத் தேய்க்கக் கூடாது, ஒத்தி எடுக்கணும். மெதுவா அமுக்கி அமுக்கி எடுக்கணும்"னு அந்தப் பிள்ளை நூறு தடவை சொன்னா. யாரு கேட்டா? எங்க தெருவுக்கு மெதுவா ஒண்ணும் செய்ய வராது.

வெள்ளிக்கிழமைதான் பெரிய குழப்பம் வந்துச்சு. தலை வெளுத்தா வயசு வெளிய வரும், வயசு வெளிய வந்தா முறை மாறணும்ல? இருபது வருஷமா சாலம்மாவை "யக்கா, யக்கா"ன்னு கூப்பிட்ட ராமலட்சுமி, சாலம்மாவைவிட ரெண்டு வயசு மூத்தவ. ரேஷன் கார்டை எடுத்து வச்சுப் பாத்தாச்சு. இனி சாலம்மா அவளை அக்கான்னு கூப்பிடணும், வாய் வரல, ரெண்டு பேரும் ஒரு நாள் முழுக்க ஒருத்தியை ஒருத்தி "இந்தா"ன்னே கூப்பிட்டாளுக. தங்கமாரியப்பனைத் தம்பின்னு சொல்லிக்கிட்டு இருந்த கடைக்காரர், கடனேன்னு "அண்ணே"ன்னாரு. யாரு யாருக்குத் தீபாவளிக்கு முதல்ல எண்ணெய் வைக்கணும்னு பெரிய பஞ்சாயத்து. கடைசியில பட்டாளத்தார் தலையிட்டு, நேத்து வரைக்கும் இருந்த முறையே இருக்கட்டும், நரை தனி, முறை தனின்னு தீர்ப்புச் சொன்னாக. அப்படியும் சிலபேர் மாத்திக்கிட்டாக. புதுசா ஒரு அக்கா கிடைக்கிறது சந்தோஷம்தானே.

இன்னொண்ணும் நடந்துச்சு. என்ன ஆகும்னு தெரிஞ்சும் ஜனம் வந்துச்சு. கறை தேய்க்க எங்களைக் கூப்பிடலையேன்னு கீழவீட்டுக்காரங்க, கல்யாணப் பத்திரிகை வைக்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கிட்டாக, தங்கமாரியப்பன் நேர்ல போயி அழைச்சுட்டு வந்தாரு. ஏன்னா இப்ப வெளுத்த தலையில சந்தேகம் இல்ல, வராதவ தலையிலதான் சந்தேகம். ஆனா அது மட்டும் இல்ல. தேய்க்க உட்காரும்போது ஒவ்வொருத்தரும் பாண்டியைப் பாத்து, "கவலைப்படாதம்மா, ஞாயித்துக்கிழமைக்குள்ள எடுத்துருவோம்"னு சொல்லிட்டுத்தான் உட்கார்ந்தாக. அவளுக்காகத்தான் கொடுத்தாக, அவ்வளவு வருஷம் காப்பாத்தி வச்ச கருப்பை. அவளை மட்டும் கம்பளத்துப் பக்கமே விடல. "ஏய், நீ தொட்டுராத, உன் முடி ஞாயித்துக்கிழமைக்கு வேணும்"னு எல்லாரும் அதட்டுனாக. அவளை எதுக்கு அதட்டுறாகன்னு யாரும் கேக்கல, யாருக்குத் தெரியாது?

நானும் தொடல. கையில ஊசி குத்திருச்சுன்னு ஒரு நாள், அவசர ஜாக்கெட்டுன்னு ஒரு நாள், தலைவலின்னு ஒரு நாள். கிண்ணத்தைத் தட்டினவ நான். தெருவே என் கையால வந்த கறைக்குத் தலையைக் கொடுத்துக்கிட்டு இருக்கு, நான் காஜா எடுத்துக்கிட்டு இருக்கேன்.  ஆனாலும் சூரத் ரயிலு எந்த நாள்ல வரும்னு யாருக்குத் தெரியும்? அதையே நினைச்சுக்கிட்டு மெஷினை மிதிச்சேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கம்பளம் முழுசும் கருப்பு. பூ இல்ல, பறவை இல்ல, அப்படியொரு பளபளப்பு. எங்க தெருவுல சின்னப் பிள்ளைகளையும் மெர்சியையும் விட்டா, கருத்த தலை ரெண்டே ரெண்டு. பாண்டி ஒண்ணு, நான் ஒண்ணு.

"கம்பளம் வேண்டாம், நாற்காலி போட்டுருவோம்"னு தங்கமாரியப்பன் சொன்னாரு. நடக்கிற காரியமா? மாப்பிள்ளையோட அக்கா கோமதி ரெண்டு நாளா போன்ல "அந்த ராசியான கம்பளத்துலதான் உட்காருவோம், விரிச்சு வைங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. மேல பெட்ஷீட்டைப் போடலாம்னா, மூடக் கூடாதுன்னு விதி. கடைசியில, அது கருப்புக் கம்பளம்தான், காஷ்மீர்ல கருப்புலயும் நெய்வாகன்னு சொல்லிருவோம்னு முடிவாச்சு.

"ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணுங்கிறாக. நமக்கு இன்னும் ஒண்ணு ரெண்டுதான் ஆயிருக்கு"ன்னாரு தங்கமாரியப்பன்.

பாண்டி என் பக்கத்துல வந்து உட்கார்ந்து, "அக்கா, எல்லாரும் எனக்காக வெளுத்துட்டாகக்கா. என்னைப் பாத்தா எனக்கே யாரோ மாதிரி இருக்கு"ன்னா. நான் ஊசியில நூல் கோக்குற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை பத்துன்னா பத்து. ஆட்டோ வந்து நின்னுச்சு. சிவஞானம் இறங்கினாரு. மெலிஞ்ச ஆளு, கட்டம் போட்ட சட்டை, தலை நிறைய கருப்பு முடி. பின்னாலயே கோமதி, பெரிய கொண்டை, அதுல கனகாம்பரம். தெரு முழுக்க வாசல் வாசலா நிக்குது, வாங்க வாங்கங்குது, அத்தனையும் வெள்ளைத் தலை. சிவஞானம் ஒவ்வொரு தலையா பாத்துக்கிட்டே, என்னவோ கோயிலுக்கு வந்த மாதிரி கும்பிட்டுக்கிட்டே வந்தாரு. உள்ள வந்து கம்பளத்துல உட்கார்ந்தாக.

"கம்பளம் செகப்புன்னு சொன்னாக?"ன்னு ஆரம்பிச்சா கோமதி.

"காஷ்மீர்ல கருப்புலயும் நெய்வாக"ன்னு மூணு பேரு ஒரே குரல்ல சொன்னோம்.

பாண்டி மாம்பழக் கலர் பட்டுல காப்பித் தட்டோட வந்தா. அவ்வளவு அழகா இருந்தா. சிவஞானம் நிமிர்ந்து பாத்தாரு, அப்புறம் காப்பியைப் பாத்தாரு, அப்புறம் திரும்ப அவளைப் பாத்தாரு. சரி, முடிஞ்சுச்சுன்னு நான் நினைச்சேன். அப்பதான் கோமதி சுத்தி ஒரு பார்வை பாத்துட்டு, சிரிச்சுக்கிட்டே கேட்டா.

"என்னங்க இது, அண்ணனுக்கு நரைச்சிருக்கு, மதினிக்கு நரைச்சிருக்கு, வழியில பாத்த அம்புட்டுப் பேருக்கும் நரைச்சிருக்கு. இந்தத் தெருத் தண்ணியே அப்படியா? அப்ப பொண்ணுக்கு மட்டும் எப்படி? முப்பத்திரண்டுதானே?"

 தங்கமாரியப்பன் அண்ணாச்சியைப் பாத்தாரு. பட்டாளத்தார் தொண்டையைக் கனைச்சாக. வெளுத்த மீசையைத் தடவிக்கிட்டே, "அதாவது, இந்தப் பொண்ணு ரத்தம்..."னு தொடங்கினாக. எழுபது வயசு மனுசன், தன் பெருமை முழுசையும் அந்தக் கம்பளத்துல விட்டுட்டு, இவளுக்காக இன்னொரு தடவை அதே பொய்யைச் சொல்லப் போறாக. பாண்டிக்கு அது பொறுக்கல போலருக்கு. தட்டைக் கீழ வச்சா.

"அண்ணாச்சி, போதும்"னா.

பட்டுச்சேலையைச் சுருட்டிக்கிட்டு சிவஞானத்துக்கு எதிர்க்க கம்பளத்துல உட்கார்ந்தா. வலது கையை விரிச்சு அந்தக் கருப்பு மேல வச்சா. தேய்க்கல. காய்ச்சல் பிள்ளை நெத்தியில கை வைக்கிற மாதிரி வச்சு, மெதுவா அமுக்கி எடுத்தா, திரும்ப வச்சா, திரும்ப எடுத்தா. வாசல்ல நின்ன மெர்சி "அதான், அதேதான்"னு முணுமுணுத்தா. முதல் ஒத்துல பாண்டியோட வகிடு வெளுத்துச்சு, ரெண்டாவது ஒத்துல காதோரம் வெளுத்துச்சு, மல்லிகைப்பூவுக்கும் முடிக்கும் வித்தியாசம் தெரியாம பின்னல் நுனி வரைக்கும் வெளுத்துச்சு. அவ கைக்குக் கீழ செகப்பு வந்துச்சு. கருப்பு நாலா பக்கமும் வத்திக்கிட்டே போச்சு, மஞ்சப் பூ ஒவ்வொண்ணா எட்டிப் பாத்துச்சு. அந்தக் கருப்பு எங்க போச்சுன்னு கேக்காதீங்க, மெர்சி நோட்டுலயே அது இல்ல.

"எனக்கு முப்பத்தெட்டு. கார்த்திகை வந்தா முப்பத்தொன்பது. இருபத்திரண்டுல இருந்து இப்படித்தான். போன்ல சொல்லியிருக்கணும், தைரியம் வரல"ன்னா, தலையைத் தூக்காமலே.  நான் என் முந்தானையைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

கோமதி வெடுக்குன்னு எந்திரிக்கப் போனா. "நல்லா இருக்குய்யா நியாயம்! ஆறு வயசை முழுங்கிட்டு..."ன்னு கையைக் கம்பளத்துல ஊனித் தள்ளினா. பாவம், கம்பளத்துக்கு விருந்தாளி உள்ளூர்னு பேதம் தெரியுமா? அவ கொண்டையில ஒரு கனகாம்பரத்துல இருந்து அடுத்த கனகாம்பரத்துக்குன்னு வெள்ளை ஏறுச்சு. செல்வமணி பழக்கதோஷத்துல கண்ணாடியை எடுத்து நீட்டினா. கோமதி பாத்தா. எந்திரிச்ச அளவுக்கே மெதுவா உட்கார்ந்தா. "காப்பி சூடா இருக்கா?"ன்னு கேட்டா.

சிவஞானம் இது எதையும் கவனிக்கல. முன்னால சாஞ்சு, தரையைத் துடைக்கிற மாதிரி கம்பளத்துல தன் கையையும் வச்சு ஒத்திக்கிட்டு இருந்தாரு, பாண்டி கைக்கு ஒரு சாண் தள்ளி. அவரு தலையில ஒரு முடி மாறல.

"எங்க அப்பாவுக்கும் கடைசி வரைக்கும் நரைக்கலைங்க. எனக்கு நாப்பத்தி நாலு, ஸ்டாண்டுல ஒவ்வொரு டிரைவரும் என்னைத் தம்பிங்கிறான். பத்து இருபதுக்கு வண்டியை எடுன்னா, இரு தம்பி டீ குடிச்சுட்டு வாரேங்கிறான். என் பேச்சை ஒருத்தன் மதிக்கிறதில்லை." ஒத்துறதை நிப்பாட்டி அவளை நேராப் பாத்தாரு. "பக்கத்துல நரைச்ச ஆள் ஒண்ணு இருந்தாத்தான் மதிப்பானுக. வாரீங்களா?"

பாண்டி சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே அழுதா. வாசல்ல நின்ன அத்தனை வெள்ளைத் தலையும் ஒரே நேரத்துல பேச ஆரம்பிச்சுச்சு, தங்கமாரியப்பன் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு, பட்டாளத்தார் மீசையை முறுக்கி "இருபத்தேழு"ன்னாக.

காப்பி குடிச்சு, கேசரி தின்னு, தேதியெல்லாம் பேசி, மத்தியானத்துக்கு மேல ஆட்டோ கிளம்பிப் போச்சு. கம்பளத்தைத் திருப்பிக் கொடுக்கணும்னு நானும் பாண்டியும் ஆளுக்கொரு முனையைப் பிடிச்சோம். அப்பதான் பாத்தேன். கம்பளம் முழுக்க செகப்பு, பூவெல்லாம் பூவா இருக்கு, அந்தப் பறவை மேல மட்டும் ஒரு உள்ளங்கை அளவுக்குக் கருப்பு அப்படியே இருக்கு. பாண்டி ஒத்திப் பாத்தா, போகல. செல்வமணி ஒத்திப் பாத்தா, போகல. அண்ணாச்சி ஒத்தினாக, மெர்சி ஒத்தினா, அசையல. வீட்டுல இருந்த அத்தனை பேரும் கறையைப் பாத்தாக, அப்புறம் என்னைப் பாத்தாக. யாரும் ஒண்ணும் கேக்கல. அதுதான் எனக்குத் தாங்கல.

நான் உட்கார்ந்தேன். கையை வச்சேன். சரியா என் கை அளவுதான், விரலுக்கு விரல். ரெண்டு தடவை அமுக்கி எடுத்தேன். தலைக்குள்ள தண்ணி இறங்குற மாதிரி குளுகுளுன்னு இருந்துச்சு. பறவை வந்துருச்சு, மயிலோ கிளியோ. சாலம்மா வாயைப் பொத்திக்கிட்டா. முன்நெத்தியில விழுந்த ஒரு முடியை இழுத்துப் பாத்தேன், நூல்கண்டு வெள்ளை.

பாண்டி என் பக்கத்துல குந்தி உட்கார்ந்து, மத்தவங்களுக்குக் கேக்காம மெதுவாக் கேட்டா. "அக்கா, மாமா வந்தா?"

"வந்தா, அவரு தேடிக் கண்டுபிடிக்கட்டும்டி"ன்னேன். "பதினாலு வருஷமா நான்தானே ஒரே இடத்துல, ஒரே மாதிரி இருந்தேன்."

அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு எந்திரிச்சேன். ரெண்டு பேருமா கம்பளத்தை உதறிச் சுருட்டித் தூக்கிக்கிட்டு, வெயில்ல தெருவுல நடந்தோம். பட்டாளத்தார் வீட்டுக் கதவைத் தட்டினப்ப, ராமலட்சுமியோட ரெண்டாவது மக வாசல்ல கம்பளத்துக்காகக் காத்துக்கிட்டு இருந்தா. அவளுக்கு வியாழக்கிழமை பொண்ணு பாக்க வாராகளாம்.